எழுபத்தைந்து கிலோ குருவி

குத்துச்சண்டைச் சங்கத்தின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் போட்டி நடக்கும். ரிங் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே ஆட்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் போட்டி நடப்பது மேலே, மூன்று நாற்காலிகளுக்கு நடுவில். இங்கே யாருக்கும் வியர்க்காது. மின்விசிறி உண்டு.

மோதுகிறவர்கள் நேரில் வரவேண்டிய அவசியமில்லை. உயிரோடு இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு ஹெவிவெயிட் சாம்பியனையும் போன மாதம் பட்டம் வாங்கிய ஏதோ ஒரு நாட்டு ஃப்ளைவெயிட் வீரனையும் ஒரே கயிற்றுக்குள் ஏற்றிவிட்டு, டீ கிளாஸில் கரண்டியால் டங்கென்று தட்டி, பன்னிரண்டு சுற்று சண்டைவிட்டு, பதினொன்றரைக்குள் தீர்ப்பையும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

நடத்துகிறவர்கள் மூன்று பேர். கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார். மருந்துக்கடைக்காரர், அவரை எல்லோரும் மெடிக்கல் என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது, சங்கத்தின் செயலாளர். மூவரில் ரிங்குக்குள் கால் வைத்தவர் செயலாளர் ஒருவர்தான். மேலே எரியாமல் போன பல்பை மாற்ற ஒரு தடவை ஏணியோடு ஏறியிருக்கிறார். அதற்கே இரண்டு பேர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாத்தியாரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. அதில் அவரே கண்டுபிடித்த கணக்கு. உலகத்தில் உள்ள எந்த வீரனையும் எழுபத்தைந்து கிலோவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சின்னவனை ஏற்ற வேண்டும், பெரியவனை இறக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் சமன் எடை. "எடைதான்யா எல்லாத்தையும் மறைக்குது. அதை எடுத்துட்டா யார் பெரியவன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும்" என்பார், என்னவோ எடை என்பது மனுஷன் மேல் போட்டிருக்கிற சட்டை மாதிரி.

சட்டையைப் பற்றிக் கத்தரிக்குத் தெரியும். ஏற்றுமதித் துணி ஆலையில் இருபத்தாறு வருஷமாக அவள் பேட்டர்ன் அட்டை வெட்டுகிறாள். ஒரு சட்டைக்கான அளவு அட்டையைச் சின்னதிலிருந்து பெரியதாக, பெரியதிலிருந்து இன்னும் பெரியதாக மாற்றி வரைவது அவள் வேலை. கையில் இருந்த கத்தரிக்கும் வாயில் இருந்த நாக்குக்கும் சேர்த்து ஆலையில் வைத்த பெயர் அது. அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவருக்குப் பெயர் குருவி. ஐந்தடி இரண்டு அங்குலம், ஐம்பத்தோரு கிலோ. அந்த ஊர்ச் சங்கத்திலிருந்து ஃப்ளைவெயிட் பிரிவில் நாட்டுப் பட்டத்தை மூன்று தடவை கொண்டுவந்தவர். அதே காலத்தில் அதே சங்கத்தில் ஹெவிவெயிட் பட்டத்தை இரண்டு தடவை வாங்கியவருக்குப் பெயர் பீரோ. தொண்ணூற்றாறு கிலோ. வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது.

இப்படி இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் அகப்பட்டால் மாடி அறைக்காரர்கள் சும்மா விடுவார்களா? குருவியா பீரோவா என்ற போட்டியை இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை தடவை நடத்தினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குருவி கீழே பயிற்சியை முடித்துவிட்டுத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து கதவருகே நிற்பார்.

"இன்னைக்கு நான் எத்தனாவது ரவுண்டுல விழுந்தேன்?"

"ஏழாவதுல" என்பார் மெடிக்கல், மருந்துச் சீட்டு படிக்கிற குரலில்.

"வலிச்சுதா?"

"தாடையில நல்ல அடி."

"சரி, அப்ப நான் கிளம்பறேன். குளிக்கணும்."

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கத்தரிக்குச் சிரிப்பு வராது. "மூணு பேரும் சேர்ந்தா ஒரு கொசுவை அடிக்கத் தெரியாது. இவனுங்க உங்களைப் படுக்க வெக்கிறானுங்களா?" என்பாள். "விடு கத்தரி. அவங்களுக்கு வேற பொழப்பு ஏது?" என்பார் அவர்.

சிறுநீரகம் கெட்டுப்போய் அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் ஃப்ளைவெயிட் வரம்பான ஐம்பத்தொன்றைத் தாண்டக் கூடாதென்று இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடி, பாட்டிலில் எச்சிலைத் துப்பித் துப்பி எடை இறக்கியவர். அரைக் கிலோவுக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று கத்தரிக்குத் தெரியும். அந்த ஆளுக்குத்தான் வாத்தியார் நோட்டில் இருபத்துநான்கு கிலோவைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்.

சங்கத்துக்குப் புது முன்கூடம் கட்டி முடித்திருந்தார்கள். அதன் நீளச் சுவரில் சங்கத்தின் இரண்டு பெரிய வீரர்களையும் வரைவதாகத் தீர்மானம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவும், கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் குருவியின் டிரவுசரைக் கொடுக்கவும் கத்தரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அது அவளே தைத்த டிரவுசர். நீலம், பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை.

"உக்காருங்க அண்ணி" என்றார் செயலாளர். "படம் எப்படின்னா, போட்டி முடிஞ்சு நடுவர் ஒருத்தர் கையைத் தூக்கறாரு. ரெண்டு பேரும் நடுவர் பக்கத்துல நிக்கறாங்க."

"எந்தப் போட்டி?"

"நம்ம போட்டி அண்ணி. குருவிக்கும் பீரோவுக்கும்."

"அது எப்ப நடந்துச்சு?"

"போன ஞாயித்துக்கெழமை" என்றார் வாத்தியார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. "இறுதியா முடிவு பண்ணிட்டோம். ரெண்டுக்கு ஒண்ணு. நம்ம குருவிதான் ஜெயிச்சாரு."

"நான் பீரோவுக்குத்தான் போட்டேன்" என்றார் மெடிக்கல், மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டு.

"போன ஞாயித்துக்கெழமை அவர் செத்து ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அதனாலதான் அண்ணி" என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "போன மனுஷன் தோத்த மாதிரி சுவத்துல வரைஞ்சா நல்லாவா இருக்கும்?"

ஆக, செத்ததற்கு ஒரு பாயிண்ட். கத்தரி மூவரையும் ஒரு சுற்று பார்த்தாள். உயிரோடு இருந்தபோது ஏழாவது சுற்றில் விழவைத்தவர்கள், போனபின் இரக்கப்பட்டு எழுப்பி நிறுத்துகிறார்கள்.

"வாத்தியாரே, அவரை எழுபத்தஞ்சுக்கு ஏத்துனீங்க சரி. பீரோ அண்ணன்கிட்டருந்து இருபத்தோரு கிலோவை எங்கேருந்து எடுத்தீங்க? காலா, கையா?"

"அப்படியில்லம்மா. சீரா, எல்லாப் பக்கமும்."

"காதுலயும் கொஞ்சமா?"

மெடிக்கலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் குடித்து அடக்கினார்.

"வரைங்க. நான் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று அவள் எழுந்தாள். டிரவுசர் இருந்த பையைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஆலை விட்டதும் நேரே முன்கூடத்துக்குப் போனாள். ஓவியர் கரியால் கோடு போட்டு முடித்து, வண்ணம் தொடங்கியிருந்தார். கத்தரி சுவர் முன்னால் நின்றாள். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

நடுவருக்கு இந்தப் பக்கம் நின்றவன் யாரோ ஒரு கனத்த ஆசாமி. கன்னம் உப்பி, கழுத்து புதைந்து, கடன் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளுகிற பாங்க் மேனேஜர் மாதிரி இருந்தான். கையுறைகள் இரண்டு தலையணைகள். அந்தப் பக்கம் நின்றவன் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவன். தோள் ஒட்டி, மார்பு சுருங்கி, பீரோவின் கதவு ஒன்றை மட்டும் கழற்றிச் சாத்திவைத்தது போல. இரண்டு தலையும் நூல் பிடித்தாற்போல ஒரே உயரத்தில் இருந்தன. நடுவர், பாங்க் மேனேஜரின் தலையணையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இவரு யாருங்க?" என்றாள்.

"குருவின்னாங்கம்மா." ஓவியர் ஏணியிலிருந்து இறங்கினார். "நானும் சொன்னேன், ஃபோட்டோவுல ஒல்லியா இருக்காரேன்னு. வாத்தியார் நோட்டைக் காட்டி, இவருக்கு ஒண்ணரைப் பங்கு அகலம், அவருக்கு முக்காப் பங்கு, உயரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. கட்டம் போட்டு அப்படியே பண்ணிட்டேன்."

கத்தரியின் கழுத்தில் அளவு நாடா எப்போதும் கிடக்கும். அவள் நாடாவை எடுக்கவில்லை. கையை நீட்டி டிரவுசரின் வெள்ளைப் பட்டைமேல் விரல்களை வைத்தாள். மூன்று விரல். இரண்டு விரலுக்கு மேல் தன் கையால் ஒரு தடவைகூட அவள் அதைத் தைத்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் வந்தார். பேட்டர்ன் வரைவதற்கு இத்தனை பேர் எதற்கு என்று கேட்டுவிட்டு, சின்ன அளவு அட்டையை ஜெராக்ஸ் மெஷினில் வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். முந்நூறு சட்டை தைத்தபின்தான் போட்டுப் பார்த்தார்கள். மார்பு சரியாக இருந்தது. கழுத்துக்குள் இரண்டு தலை நுழைந்தது. பொத்தான் துளை வழியாகக் கட்டைவிரல் போனது. மனுஷன் பெருக்கிறபோது எல்லாம் ஒன்றாகப் பெருப்பதில்லை, மார்பு இரண்டு அங்குலம் கூடினால் கழுத்து அரை அங்குலம்தான் கூடும், தோள் அதைவிடக் குறைவு என்று அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். மேற்பார்வையாளர் வேறு ஆலைக்குப் போனார். இப்போது அவர் சங்கத்தின் மாடியில் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஜெயித்த ஒருவனைச் சுவரில் வைத்திருக்கிறார்கள். அவன் அவர் இல்லை. அவரை வைத்தால் அந்த உயரத்தில், அந்த எடையில், பீரோவின் பக்கத்தில் அவர் தோற்றவராகத்தான் நிற்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அந்தச் சண்டை நிஜமாகவே நடந்திருந்தது. உலகத்தில் அதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆலைக்குப் போகிற வழியில் புது டிரவுசரைக் கொடுக்க ஏழு மணிக்கே சங்கத்துக்குப் போயிருந்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை. இறுதிப் போட்டிக்கு முன் வேகமான ஆளோடு மோதிப் பழகவேண்டும் என்று பீரோ சொன்னாராம். "என்னைத் தொட்டுக் காட்டு பாக்கலாம்" என்று குருவி ஏறிவிட்டார். இரண்டு சுற்று பீரோவின் கை காற்றையே அடித்தது. இரண்டாவது சுற்றில் குருவி ஒரு துள்ளுத் துள்ளி, பீரோவின் தாடையில் விட்டார். அப்போது ஆடிய பல் ஒரு வாரம் கழித்து விழுந்தது. மூன்றாவது சுற்றில் பீரோவின் இடது கை, அடிக்கக்கூட இல்லை, சும்மா திரும்பியது. குருவி வழியில் இருந்தார். விலா எலும்பு இரண்டு. பீரோ அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், கையுறையைக்கூடக் கழற்றாமல். கத்தரி பின்னால் டிரவுசரோடு ஓடினாள்.

படியில் வழுக்கி விழுந்ததாக வெளியே சொன்னார்கள். சொல்லச் சொன்னது குருவிதான். சிரித்தால் விலா வலிக்குமென்று சிரிக்காமல் சொன்னார்: "உண்மையைச் சொல்லிட்டா ஞாயித்துக்கெழமை அவனுங்க என்ன பண்ணுவானுங்க, பாவம்."

சுவரைப் பார்த்த மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் பீரோவைப் பிடித்தாள். அவர் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மணி அடிக்கக் காத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையை நிரப்பி உட்கார்ந்திருந்தார்.

"சுவரைப் பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன் தங்கச்சி. டாக்டர்கிட்ட போலாமான்னு இருக்கு."

"ஞாயித்துக்கெழமை வந்து நடந்ததைச் சொல்லுங்க."

பீரோ ஸ்டியரிங்கைத் தடவினார். "சொல்லாதேன்னானே. அவன் இல்லாதப்ப நான் போய், நான்தான் ஜெயிச்சேன்னு சொல்றதா? அசிங்கமா இல்ல? அவன் ஜெயிச்சதா இருந்துட்டுப் போகட்டும்."

"அவர் ஜெயிக்கலயே அண்ணே. அந்த பாங்க் மேனேஜர் மூஞ்சிக்காரன்ல ஜெயிச்சிருக்கான். அவங்க பொழப்பைக் கெடுக்க வேணாம்னு அவர் சொன்னாரு. இவங்க அவர் மூஞ்சியையே கெடுத்து வெச்சிருக்காங்க. நாளைக்கு எனக்கு அவர் ஞாபகம் வரணும்னு அங்க போய் நின்னா, நான் யாரைப் பாக்கறது?"

பள்ளி மணி அடித்தது. "பத்து மணிதானே?" என்றார் பீரோ.

ஞாயிற்றுக்கிழமை பீரோ மாடி ஏறுகிற சத்தம் கேட்டு வாத்தியார் நோட்டை மூடினார். கத்தரி பின்னாலேயே ஒரு நீளச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பீரோ நின்றபடியே சொன்னார். காலை ஏழு மணி, மூன்று சுற்று, இடது கை, விலா எலும்பு. அதிகம் பேசிப் பழகாதவர். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இருபத்தைந்து வருஷமாகத் தேடிய விடை காலால் நடந்து மாடி ஏறி வந்திருக்கிறது. கத்தரி அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"தலைக்கவசம் போட்டிருந்தீங்களா?" என்றார் மெடிக்கல்.

"இல்ல."

"நடுவர்?"

"யாரும் இல்ல."

வாத்தியார் பென்சிலைக் காதில் சொருகினார். "அப்ப இது கணக்குல வராது."

"வராதா?" என்றார் பீரோ.

"நீங்க தொண்ணூத்தாறு, அவர் அம்பத்தொண்ணு. எடை சமமில்ல. இதை வெச்சு எப்படி முடிவு பண்றது? நடந்ததுங்கறதுக்காக சரின்னு ஆயிடுமா?"

"நான் முதல்லேருந்து பீரோதான்னு சொல்றேன்" என்றார் மெடிக்கல். "ஆனா அது ஏழாவது ரவுண்டுல. மூணாவதுல விழறதுக்கு வாய்ப்பே இல்ல."

"இன்னொண்ணும் இருக்கு, ரெண்டாவது ரவுண்டுல—" என்று பீரோ ஆரம்பித்தார்.

"இருங்க அண்ணே, நாங்க பேசிட்டிருக்கோம்ல" என்றார் செயலாளர்.

உலகத்திலேயே அந்தச் சண்டையைப் போட்டவர்களில் மிச்சமிருக்கிற ஒருவர் வாயை மூடிக்கொண்டார். கத்தரிக்கு இதற்குமேல் பொறுமை இல்லை. கொண்டுவந்த சுருளைத் தரையில் உருட்டிவிட்டாள். ஆலையில் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதம். அதில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐந்தடி இரண்டு அங்குலம், மார்பு முப்பத்துநான்கு, இடுப்பு இருபத்தாறு, வலது தோள் இடதைவிட அரை அங்குலம் கீழே. முப்பது வருஷம் அவருக்குத் தைத்தவள். எந்த அளவையும் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. காகித ஆளின் காலடி மெடிக்கலின் செருப்பைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இவர்தான் குருவி" என்றாள். "உங்க எழுபத்தஞ்சு கிலோக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாது. அவர் பொண்டாட்டி எங்க இருக்கான்னு தேடிப் பிடிச்சு அவகிட்டக் கையெழுத்து வாங்கிக்கங்க. டிரவுசரும் அந்தம்மாவே கொடுக்கட்டும்."

"அண்ணி, கோபப்படாதீங்க..."

"அரைக் கிலோ இறக்க ரெண்டு நாள் தண்ணி குடிக்காம கெடந்தவர் அவர். நீங்க டீ குடிச்சிட்டே இருபத்துநாலு கிலோ ஏத்திட்டீங்க. இந்த அளவுல வரைஞ்சா வரைங்க. இல்லன்னா பீரோ அண்ணனை மட்டும் வரைஞ்சிக்கங்க."

"அப்ப என்னையும் வேணாம்" என்றார் பீரோ.

செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். அந்த அறையில் முதல் தடவையாக ஒருவருக்கு வியர்த்தது. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. "இந்த அளவுல வரைஞ்சா குருவி ரொம்பச் சின்னதாத் தெரிவாரே அண்ணி. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"சின்னவர்னு நினைப்பாங்க. சின்னவர்தான்."

"சரி, கையை யாருக்குத் தூக்கறது?" என்றார் வாத்தியார். அந்த மனுஷருக்கு அது ஒன்றுதான் கவலை.

"யாருக்கும் வேணாம்" என்றார் பீரோ. "நடுவரை எடுத்துடுங்க. அவர் அன்னைக்கு வரவே இல்லையே."

ஓவியர் காகிதத்தைச் சுவரில் ஒட்டி ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். பாங்க் மேனேஜர்மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடிக்க வேண்டியிருந்தது. லேசில் போகமாட்டேன் என்றான். ஆறாம் நாள் வேலை முடிந்தது. பீரோ தன் முழு அகலத்தோடு நின்றார். பக்கத்தில் அவர் மார்பு உயரத்துக்குக் குருவி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவர் தலைக்கு மேல் சுவர் காலியாகக் கிடந்தது. "அந்த இடத்துல சங்கச் சின்னத்தைப் போட்டுடலாமா அண்ணி, வெறிச்சுனு இருக்கு" என்று செயலாளர் இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் தலைக்கு மேலே எப்போதும் அவ்வளவு இடம் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் கையெழுத்துப் போட வந்தாள். பீரோவும் வந்திருந்தார். மேலே கரண்டி கிளாஸில் டங்கென்று விழுந்தது. வாத்தியாரின் குரல் படி வழியாக இறங்கி வந்தது.

"சுவத்துல இருக்கற உயரத்தை வெச்சே பாப்போம். குருவி எகிறினாலும் பீரோ தாடையை எட்டவே முடியாதுய்யா. கணக்கே சொல்லுது."

"எட்டும்" என்றார் செயலாளர்.

"எட்டாது. வேணும்னா நாடா பிடிச்சுப் பாரு."

பீரோ கத்தரியைப் பார்த்துச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சந்து தெரிந்தது. படியில் ஒரு கால் வைத்தவரைக் கத்தரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க அண்ணே. அப்புறம் ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுவாங்க, பாவம்."

பிறகு சுவர் அருகே போய் நீல டிரவுசரின் வெள்ளைப் பட்டைமேல் விரல்களை வைத்தாள். இரண்டு விரல். நிமிர்ந்தபோது அவர் கண் அவள் கண்ணுக்கு நேரே, எப்போதும் இருந்த உயரத்தில் இருந்தது.

"மூக்கு மட்டும் கொஞ்சம் நேராப் போட்டுட்டீங்க" என்றாள் ஓவியரிடம். "அது கோணல்."